வழுக்கப்பாறை

வெயிலில் காய்ந்த பாறைக்கு ஒரு வாசனை உண்டு. ஆரம்பாக்கத்தில் இருந்த எங்களுக்கு அது வருடத்தில் ஒருநாள், காணும் பொங்கலன்று மட்டும் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ‘குட்டி யானை’ வண்டியில் புளிச்சோற்றுத் தூக்கோடு ஏறி, வயல்களைத் தாண்டி மேற்கே போனால், ஆந்திர எல்லையை ஒட்டி அந்த மலை செங்குத்தாக நிற்கும். நைனா, அம்மா, அக்கா, நான், எங்கள் நாய் செவலை. நைனா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தார். பகலில் அவரை முழுதாக நாங்கள் பார்த்தது அந்த ஒரு நாளில்தான்.

பாதி மலையில் ‘வழுக்கப்பாறை’ வரும். எதற்கும் அஞ்சாத செவலை அங்கே மட்டும் வாலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நைனா அவனை ஆட்டுக்குட்டியைப் போலக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, “இன்னாடா, மாப்ள மாதிரி தூக்கிக்கினு போவணுமா?” என்று சிரித்தபடி ஏறுவார். உச்சியில் புங்கமர நிழலில் துண்டை விரித்து அவர் தூங்க, செவலை காலடியில் படுத்திருப்பான்.

நான் ஆறாவது படித்தபோது, மழைக்காலத்தில் ஒருநாள் சைக்கிளில் வேலைக்குப் போன நைனாவை ஹைவேயில் லாரி அடித்துவிட்டது. உடம்பு இருந்த நிலையில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாமென்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், நாங்கள் சண்டை போட்டால், “நைனா வரட்டும், சொல்றன்” என்றாள். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பானை ஏற்றவில்லை. ஆனால் காணும் பொங்கலன்று விடிந்ததும் அம்மா புளிச்சோறு கிளறினாள். “ஊட்லயே உக்காந்துக்கினு இருந்தா நைனா வந்து திட்டுவாரு, கெளம்புங்க” என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

வழுக்கப்பாறை வந்ததும் செவலை வழக்கம்போல உட்கார்ந்து, பின்னால் பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். தூக்குவதற்கு யாரும் வரவில்லை என்றதும், நகங்கள் பாறையில் கீறக் கீற, இரண்டுமுறை சறுக்கி விழுந்து, தானாகவே ஏறினான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

உச்சியில் அவன் புங்கமரத்தடிக்குப் போய், மண்ணை முகர்ந்துவிட்டு, பாதையைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சோறு வைத்தோம், தொடவில்லை. வெயில் தாழ்ந்து இறங்கப் புறப்பட்டபோதும் எழவில்லை. கூப்பிட்டோம், இழுத்தோம், உறுமினான். அம்மா அவன் எதிரில் போய்க் குந்தினாள்.

“வர மாட்டாருடா செவல” என்றாள். “லாரி அட்சி செத்துப்பூட்டாருடா. இனிமே வரவே மாட்டாரு. நான் சொல்றன் இல்ல, எழுந்து வாடா.”

சொல்லி முடித்ததும் அந்த மண்ணிலேயே கவிழ்ந்து, அத்தனை மாதங்களுக்கும் சேர்த்து அழுதாள். நாங்கள் அவள் முதுகில் விழுந்து அழுதோம். பிறகு அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செவலையைத் தூக்கிக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். அவன் முரண்டு பண்ணவில்லை. அடிவாரம் வரை அம்மா அவனை இறக்கவே இல்லை.

நாங்கள் மறுபடி அங்கே போகவில்லை. செவலை இன்னும் சில வருடங்கள் இருந்துவிட்டுச் செத்தான். அம்மா இப்போது வேப்பம்பட்டில் என்னோடு இருக்கிறாள். முட்டிவலியால் மாடிப்படிகூட ஏற முடிவதில்லை. போன பொங்கலுக்கு என் மகளை அழைத்துக்கொண்டு அந்த மலைக்குப் போனேன். ஏறுவார் இல்லாமல் பாதையை முள் மூடியிருந்தது. கீழேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

“தாத்தா எப்படிம்மா இருப்பாரு?” என்று வழியில் மகள் கேட்டாள். நினைத்துப் பார்த்தேன். முகம் என்று வருவது சுவரில் மாட்டிய போட்டோதான். குரல் எப்போது போனதென்றே தெரியவில்லை. எனக்கு முன்னால் ஏறிப்போகும் வேர்வையில் நனைந்த முதுகு மட்டும் நினைவில் இருக்கிறது.