மழையைத் தேக்கிய பாத்தி

மலாக்காவில் நாங்கள் குடியிருக்கும் காஜா பேராங்கில் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்கிறார்கள். ஒருவர் மூன்று மணி என்பார், இன்னொருவர் நான்கரை என்பார். இருவரும் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போவார்கள். திருச்சியில் ஒரு பத்திரிகையில் இருந்தபோது மழைச் செய்தி எழுதுவது என் பொறுப்பு. கோடையில் அரை அங்குலம் பெய்தாலும் அதற்குத் தலைப்பு உண்டு. இங்கே வந்த ஆறு வருஷத்தில், சாலையில் வெள்ளம் நின்றாலொழிய மழையைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம், சித்திரையில், என் மனைவி தனம் கப்பலில் வந்து சேர்ந்தாள். பெட்டியில் இரண்டு சேலைகளுக்கு நடுவே ஒரு துணி முடிச்சு இருந்தது. அதில் அவள் அப்பா தோட்டத்துக் கத்தரி விதை. விராலிமலைக்குத் தெற்கே கிணற்றுப் பாசனம் செய்யும் குடும்பம் அவளுடையது. கல்யாணத்துக்கு முந்தைய நாள்கூட மடை திருப்பிவிட்டுத்தான் வந்து தலை வாரிக்கொண்டாளாம். இரண்டு நாள் ஊரைச் சுற்றிப் பார்த்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "மண்வெட்டி எங்க இருக்கு?" என்றாள்.

மண்வெட்டி வாங்கி வந்ததும் அவள் தன் நிபந்தனையைச் சொன்னாள். "ஒங்களுக்கு ஆபீஸ் இருக்கு, பேப்பர் இருக்கு. நான் வச்சது வராத ஊருல எனக்கு என்ன இருக்கு? கத்திரி காய்ச்சா இருக்கேன். இல்லைன்னா கப்பலுக்கு எழுதிப் போட்டுடுங்க." அவள் மிரட்டிப் பேசுகிறவள் அல்ல. சொன்னதைச் செய்கிறவள். அதனால்தான் எனக்குக் கவலை வந்தது.

பாத்தியை நாங்கள் இருவருமாகவே போட்டோம். தரையை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, மண்ணை நாலு பக்கமும் வரப்பாக அணைத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டினோம். எங்கள் பக்கத்தில் பாத்தி என்றால் அதுதான்: நடுவில் பள்ளம், சுற்றிலும் கரை. மாடு இழுத்துக் கிணற்றிலிருந்து மேலே வந்த தண்ணீரில் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது. பாத்திக்கு வேறு வடிவம் இருக்க முடியும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் பார்வதி இருந்தார். மலாக்காச் செட்டி குடும்பம். அவர்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயா என்ற மலாய்ச் சட்டை, இடுப்பில் சாரோங். மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போவார். தமிழில் ஒரு வாக்கியம் வராது. வேலிமேல் எட்டிப் பார்த்து, "மோ பியாரா இக்கான் கா?" என்றார். மீன் வளர்க்கப் போகிறீர்களா என்று அர்த்தம். அவர் நிஜமாகவே கேட்பதாக நினைத்து, "இல்லை, தெரோங்" என்று கத்தரிக்காயின் மலாய்ப் பெயரைச் சொன்னேன். அன்று சாயங்காலத்துக்குள், இந்தியாக்காரர் குளத்தில் கத்தரி நடுகிறார் என்ற சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது.

முதல் நாற்று பத்து நாளில் வாடியது. தனம் ஒரு செடியைப் பிடுங்கி வேரை மோந்து பார்த்தாள். "மண்ணு புதுசு, அதான்" என்றாள். மிச்ச விதை முழுவதையும் ஆடியில் விதைத்து, ஆவணியில் நாற்று எடுத்து நட்டாள். ஊரெல்லாம் புதுக் கொடி பறந்துகொண்டிருந்தது. அவள் கண் வரப்பிலேயே இருந்தது.

ஒரு நாள் மூன்று மணி மழையில் வரப்பு ஓரிடத்தில் உடைந்தது. தனம் நனைந்துகொண்டே ஓடி, இரண்டு கையாலும் மண் அள்ளி உடைப்பை அடைத்தாள். நானும் குடையோடு போய், இன்னும் கொஞ்சம் மண் போடு என்று யோசனை சொன்னேன். தண்ணீர் வீணாகாமல் காப்பாற்றிவிட்ட திருப்தி எங்கள் இருவருக்கும் இருந்தது. வேலியைத் தாண்டி வந்த பார்வதி ஒன்றும் கேட்காமல் எங்கள் மண்வெட்டியை எடுத்தார். அடைத்த இடத்தையே ஒரே வெட்டில் திறந்துவிட்டார்.

"என்ன அக்கா பண்றீங்க? எம் பாத்தி, விடுங்க!"

"புவாங் ஆயர், புவாங்," என்றார் அவர். தண்ணீரை வெளியே விடு என்கிறார் என்று நான் சொன்னேன். "யாரு வீட்டுத் தண்ணிய யாரு வெளிய விடுறது?" என்று கேட்டுவிட்டு, தனம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பார்வதி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பேச்சு முன்பும் அதிகம் இல்லை. வேலிமேல் சிரித்துக்கொள்வது நின்றுபோனது. நாலாம் நாள் காலையில் தனம் என்னைக் கூப்பிட்டாள். பாத்தியின் நடுவே ஒரு குறுக்கு வரப்பு உண்டு. வெட்டு விழுந்த பக்கத்தில் பதினொரு செடி நிமிர்ந்து நின்றது. தண்ணீர் தங்கிய பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அவள் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு, "நாமதான் முக்கிக் கொன்னிருக்கோம்" என்றாள். குரலில் அழுகை இல்லை. கணக்கு விளங்கிய குரல்.

அன்றைக்கே பாத்தியைத் தலைகீழாக்கினாள். வரப்பை வெட்டி நடுவில் கொட்டி முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினாள், சுற்றிலும் வாய்க்கால் எடுத்தாள், பதினொரு செடியையும் வேர் மண்ணோடு மேட்டுக்கு மாற்றினாள். பார்வதி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தார். "தாக் மோ இக்கான்?" என்றார். மீன் வேண்டாமா என்று நான் மொழிபெயர்ப்பதற்குள் தனம் சிரித்துவிட்டாள்.

கார்த்திகையில் காய் வந்தது. முதல் காய்களைத் தனமும் பார்வதியும் பகிர்ந்துகொண்டார்கள். எங்கள் வீட்டில் புளிக்குழம்பு, அங்கே மிளகாயும் இறால் விழுதும் அரைத்த சம்பால் பெலாச்சான். ஒருவர் சமைத்ததை மற்றவர் ருசி பார்த்தார். இருவருமே தங்களுடையதுதான் மேல் என்று முடிவு செய்துகொண்டார்கள். கப்பலைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஒரு நாள், இன்னொரு மேடு போட இடம் காணாது, இந்தப் பக்கத்துப் புல்லையும் வெட்டிவிடுங்கள் என்றாள். எனக்கு அந்தப் பதில் போதும்.

போன வாரம் முற்றிய பழங்களைப் பிசைந்து விதை எடுத்தாள். உலர்ந்ததும் இரண்டு முடிச்சாகக் கட்டினாள். ஒன்று இங்கே. ஒன்று, ஊருக்குப் போகும் ஒருவர் கையில் அவள் அப்பாவுக்கு. கூடவே கடிதம் நான் எழுத வேண்டும். பாத்தியை மேடாகப் போடவும் என்று எழுதியதும் கையைப் பிடித்தாள். "அங்க மேடா போட்டா ஒரே நாள்ல காஞ்சிரும். பள்ளமாவே போடச் சொல்லுங்க." அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்.

எழுதி முடிக்கையில் மணி மூன்று. மழை பிடித்தது. தனம் எழுந்து பின்வாசலில் நின்றாள். மேட்டிலிருந்து வழிந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, தெருவைக் கடந்து, தெங்கேராப் பக்கம் கடலுக்குப் போகும் சாக்கடையில் சேர்ந்தது. கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தண்ணீர் வெளியே போவதை அவளால் இன்னும் சும்மா பார்க்க முடியவில்லை. வலது கை, மண்ணை அள்ளப் போவதுபோல், பாதி மூடியிருந்தது.