கோமதித்தாய் அடைவைத்த முட்டைகள்

பனவடலிசத்திரத்தில் கோழி அடைவைக்க வேண்டுமென்றால் கோமதித்தாயைத்தான் கூப்பிடுவார்களாம். அவள் கை பட்ட முட்டை கூமுட்டை ஆகாது என்று பேர். வாத்து முட்டையோ வான்கோழி முட்டையோ, எதைக் கொடுத்தாலும் நாட்டுக்கோழிக்கு அடியில் வைத்துக் குஞ்சாக்கிக் காட்டிவிடுவாள். கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்து எங்கள் காம்பவுண்டில் குடியேறிய நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லியே என் காதைத் தேய்த்துவிட்டாள். பெருமை பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் அந்தப் பேச்சு இப்போது அவளிடம் இல்லை. பேச மாட்டாளா என்று எனக்குத்தான் இருக்கிறது.

அவள் வீட்டுக்காரர் மாரிக்கண்ணன் கொத்தனார். கிரேட் நிக்கோபார் தீவில் கட்டட வேலை என்று காண்ட்ராக்டர் கூப்பிட, வேலையாட்களுக்குச் சமைத்துப்போட இவளும் கூடப் போனாள். மகளை நாத்தனார் வீட்டில் விட்டிருந்தார்கள். மகள் பிளஸ் டூ வந்ததும் போன வருஷம் இவள் மட்டும் திரும்பிவிட்டாள். அவர் இன்னும் அங்கேதான்.

வந்த புதிதில் தீவுக் கதைகளை வாய் ஓயாமல் சொன்னாள். சுளகு அகலத்துக்கு ஒரு நண்டு தென்னை மரத்தில் ஏறுமாம், தேங்காயை அதுவே உரித்துத் தின்னுமாம். புறா ஒன்று பச்சையும் செம்புமாக மின்னுமாம். கடற்கரைக்கு வரும் ஆமை கட்டில் பெரிசு இருக்குமாம். கொஞ்சம் அளக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இந்த முட்டை விஷயத்தை மட்டும் வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.

அவர்கள் தங்கியிருந்த ஷெட்டுக்குப் பின்னால் காடு. நான்கு கத்தரி, தக்காளி போடலாமென்றால் வெறும் மணல், ஒன்றும் தேறவில்லை. காட்டோரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடு கிடந்தது, இலையும் தழையும் மண்ணுமாக. கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். நம் ஊர் எருக்குழி போலச் சூடு. யாரோ குமித்துப்போட்ட உரம், நன்றாக மக்கியிருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மண்வெட்டியால் வெட்டித் தன் கத்தரிப் பாத்திக்குச் சட்டி சட்டியாகச் சுமந்தாள். பாதி மேடு கரைந்தபோது உள்ளே மூன்று முட்டைகள் தட்டுப்பட்டன. நீளவாக்கில் பெரிசாக, லேசான ரோஸ் நிறத்தில்.

பக்கத்தில் ராஜகுமாரி என்று ஒரு பெண். அவள் அப்பா சிவகிரிக்காரர், பட்டாளத்திலிருந்து வந்து தீவில் குடியேறியவர். அவள் பிறந்து வளர்ந்ததே அங்கேதான். பார்த்ததும் ஓடிவந்திருக்கிறாள்.

"எக்கா, இது உரமில்ல. மெகாபோட்னு ஒரு கோழி, காலால வாரி வாரிக் குமிச்ச மேடு. இந்தச் சாதி இந்தத் தீவுகள விட்டா உலகத்துலயே கிடையாது. முட்டைய எடுத்தா கேசு. இருந்த இடத்துலயே வச்சு மண்ண மூடிருங்க."

"மூடிட்டா அடை காக்கது யாரு?"

"யாரும் காக்க வேண்டாம். அந்தச் சூட்டுலயே பொரிச்சிரும். குஞ்சு தானா மண்ணத் தள்ளிட்டு வெளிய வந்து, தன்பாட்டுக்குக் காட்டுக்குள்ள போயிரும். ஆத்தா யாருன்னே அதுக்குத் தெரியாது."

கோமதித்தாய் சிரித்துவிட்டாள். "ஏட்டி, எங்கிட்டயா? குப்பைச் சூட்டுல முட்டை வெந்துல்லா போவும். எங்கோழி அடைபடுத்திருக்கு. பொரிக்க வச்சுக் காட்டுதேன், பாரு."

அன்றைக்கே மூடியிருந்தால் பிழைத்திருக்கும். பொரித்துத் தின்னலாமே என்று கேட்ட மாரிக்கண்ணனைக் கூட, உயிர் இருக்கிற முட்டை என்று சண்டை பிடித்துத் தடுத்திருக்கிறாள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு அடுத்தவர் சொன்னதைக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை.

நாட்டுக்கோழிக்கு மூன்று வாரக் கணக்குதான் தெரியும். அந்த முட்டைக்கோ இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டுமாம். கோழி பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து மேயப் போய்விட்டது. பிடித்து உட்கார வைத்துக் கூடையால் மூடினாள். திறந்ததும் மறுபடி எழுந்தது. கடைசியில் பல்பு போட்டுச் சூடு காட்டிப் பார்த்தாள். நாற்றம் வந்த பிறகுதான் உடைத்தாள். இரண்டு கூமுட்டை. மூன்றாவதில் குஞ்சு இருந்தது, செத்துப்போய். இறகெல்லாம் முளைத்து, பொரித்தவுடன் பறக்கத் தயாரான குஞ்சு.

காலையில் அந்த மேட்டைக் குமித்த சோடிப் பறவைகள் வந்து, மேடு இருந்த இடத்தில் நின்றுவிட்டுப் போகும். அதை அவளால் பார்க்க முடியவில்லை. அந்த மண்ணில் பூ விட்டிருந்த கத்தரிச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அள்ளிய மண் முழுவதையும் திரும்பச் சுமந்து அங்கேயே கொட்டினாள். அதன் பிறகு பறவைகளைக் காணவில்லை. ஊர் திரும்பும்வரை தினமும் போய்ப் பார்த்தாளாம்.

இங்கே வந்த பிறகும் போன் பேசினால் கடைசிக் கேள்வி, மேட்டுக்குக் கோழி வந்ததா என்பதாகத்தான் இருக்கும். ராஜகுமாரியிடம் கேட்க அவளுக்குக் கூச்சம். தன் வீட்டுக்காரரிடம்தான் கேட்பாள். அவர் 'பாக்கலட்டி' என்பார். இவள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டாள்.

போன வாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து சாம்பாருக்குச் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தோம். மாரிக்கண்ணனிடமிருந்து போன் வந்தது. கையெல்லாம் உள்ளி என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, உன் மேட்டுக்குக் கோழி வந்துட்டு. குஞ்சும் பொரிச்சிட்டு. நானே பாத்தேன், நாலு குஞ்சு. தாய்க்கோழி பின்னாலயே வரிசையா மேஞ்சிட்டுப் போவுது. இனிமே அதையே நினைச்சிட்டுக் கிடக்காத, என்னா?"

கோமதித்தாய் கையிலிருந்த உள்ளியைக் கீழே வைத்தாள். பிறகு, "நல்லதுங்க. சந்தோசம். நாய் அண்டாமப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. "பெறவு என்னட்டி, ஒரு வழியாப் பொரிச்சிட்டுல்லா? மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?" என்றேன்.

"அந்தக் குஞ்சு தாய் பின்னால போவாதுக்கா. இவரு ஒண்ணையும் பாக்கல. நம்ம ஊர்க் கோழிய மனசுல வச்சுச் சொல்லுதாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அத அவருகிட்டயே கேக்க வேண்டியதுதான? என்னத்துக்கு இந்தப் பொய்யி?"

அவள் உள்ளியை எடுத்துத் தோலை உரித்தாள்.

"கேட்டு என்ன செய்ய? அவரும் பிரியத்துலதான் சொல்லுதாரு. நானும் பிரியத்துலதான வச்சேன்."