'சரி'க்கும் 'அடிங்க'வுக்கும் நடுவே ஒரு வீடு

நானா அந்தப் படத்தை என் மேசையில் வைத்தபோது, ஏதோ கப்பலின் படம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான்கு நிறங்களையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கும் அச்சு மெஷினாம். கொழும்பில் ஒருவர் விற்கிறாராம். எங்கள் கடையைவிட அது நீளம்.

கடை என்றால் கண்டியில், பேராதனை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது. கல்யாணக் கார்டு அடிப்பதுதான் பிரதான தொழில். நானா என் கூடப்பிறந்த அண்ணன் இல்லை, தொழிலில் பங்குதாரர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த நானும் அவரை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மெஷினை ஓட்டுவதும் காசைப் பார்ப்பதும் அவர் வேலை. கொம்பியூட்டரில் கார்டை வடிவமைப்பதும், கோபத்தோடு வரும் வாடிக்கையாளரைச் சிரிக்கவைத்து அனுப்புவதும் என் வேலை. இரண்டாவதில் நான் கெட்டிக்காரன் என்று சந்து முழுக்கப் பெயர். அந்தப் பெயர் எடுக்கும் அளவுக்குப் பயிற்சி கிடைத்ததற்கு ஒரே காரணம், எங்கள் கார்டு ஒருநாளும் சொன்ன நாளில் தயாரானதில்லை.

படம் வருவதற்குச் சில நாள் முன்பு, வத்தேகமயிலிருந்து ஒரு மணப்பெண்ணின் அப்பா வந்து வாசலில் நின்று கத்தினார்.

"கல்யாணம் முடிஞ்சி மறுவீட்டு விருந்துக்குத்தான் ஒங்க கார்டு வரும் போல! மகளுக்குப் புள்ள பொறந்தா பேர் வைக்கிற கார்டையும் இப்பவே ஓடர் குடுத்துட்டுப் போகவா?"

"குடுங்க அண்ணே. ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே மெஷின் பக்கத்தில் நின்ற நானாவும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் மனதில் அந்தக் கப்பல் மிதக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

"மெஷின் பத்தல்ல தம்பி" என்றார், படத்தைத் தட்டி. "பழசு இழுக்குதில்ல. பெருசா ஒண்டு எடுத்தாத்தான் சரிவரும். ஊட்டு உறுதிய பேங்க்ல வெச்சி லோன் எடுக்கப் போறன்."

ஊடு என்று அவர் சொன்னது பிலிமத்தலாவையில் அவர் குடியிருக்கும் வீட்டை. அதுவும் அவருடையதல்ல. கல்யாணத்தின்போது மாமனார் தன் மகளுக்குக் கட்டிக்கொடுத்தது, உறுதிப் பத்திரம் மனைவியின் பெயரில்.

இப்படியான இடத்தில் ஒரு புத்திசாலிப் பங்குதாரர் கொஞ்சம் யோசிப்போமே என்று சொல்லியிருப்பார். நான் கைதட்டினேன். எந்தச் சுவரை இடித்தால் மெஷின் உள்ளே நுழையும் என்று முழம் போட்டுப் பார்த்தேன். போதாததற்கு எனக்கு ஒரு புதிய விசிட்டிங் கார்டும் வடிவமைத்துக்கொண்டேன். 'முகாமைத்துவப் பணிப்பாளர்' என்ற பதவி கார்டின் அகலத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனேன், கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆயிற்று. அதுவரைக்கும் எங்கள் கடையில் நினைத்த நேரத்துக்குள் அடித்து முடிந்த ஒரே வேலை அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை நானா என்னைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா பிளேன்டீக் கோப்பையை என் முன்னால் வைத்த சத்தத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நானா கை கழுவப் போன நேரம் பார்த்துக் கேட்டார். சொல்வதைச் 'செல்வது' என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு.

"கையெழுத்து வெக்கச் செல்றாரு. நான் வெப்பன். ஆனா நீங்க செல்லுங்க தம்பி, இந்த மெஷின் வந்தா கார்டெல்லாம் நேரத்துக்கு முடியுமா?"

"நிச்சயமா அக்கா" என்றேன்.

வீடு அவருடையது, வாய் என்னுடையது. சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் திரும்பும்போது அந்த 'நிச்சயமா'வைத் திரும்பத் திரும்பச் சொல்லிப்பார்த்தேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன்?

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். நான் சொல்லும் எதற்கும் உடனே மதிப்பெண் போடமாட்டாள்.

"ஏங்க, மெஷினுக்கு வேலை தாங்கலன்னா சொல்றீங்க? நான் ஸ்கூல் இடைவேளையில கோல் எடுக்கிறப்பெல்லாம் நீங்க பேசுறது அவ்வளவு தெளிவா கேக்குது. மெஷின் ஓடுற சத்தத்துல எப்படிங்க அப்படிக் கேக்கும்?"

 தூக்கம் வருகிறது என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

மறுநாள் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானா விசித்திரமாகப் பார்த்தார்.

"என்னடாப்பா, மெஷினுக்குக் காவலா?"

"நோயாளி நானா. பக்கத்துல ஒரு ஆள் வேணாமா?"

காலையில் ஏதோ ஒரு கடைக்கு பில் புத்தகம் அடித்தார். அதோடு மெஷின் நின்றது. சந்துப் பூனை ஒன்று வந்து கடதாசிக் கட்டின்மேல் சுருண்டு படுத்தது. பகல் சாப்பாடு ஆயிற்று. பூனை எழும்பவில்லை, மெஷினும் எழும்பவில்லை.

"இது இழுக்குதில்லன்னு சொன்னீங்களே. இப்ப ஏன் சும்மா நிக்குது?"

"வேல தந்தாத்தானே ஓட்டலாம். தராதது யாரு?"

"நானா?" என்றேன் அதிர்ச்சியோடு.

"அதுக்கு ஏன்டாப்பா என்னக் கூப்புடுறாய்? ஒன்னத்தான் செல்றன்."

ஆனால் அவர் மெஷினைக் குறை சொன்னதிலும் நியாயம் இருந்தது. பல நாள் சும்மா கிடக்கும். பிறகு கல்யாணங்கள் நெருங்கி வீட்டார் கத்தத் தொடங்கியதும், திடீரென்று எல்லாக் கார்டும் ஒன்றாக வந்து அவர் கழுத்தில் விழும். மூச்சுமுட்ட ஓட்டுவார். மனிதர் ஞாபகத்தில் வைத்திருந்தது மூச்சுமுட்டிய நாட்களை மட்டும். பூனை தூங்கிய நாட்களை யார் ஞாபகத்தில் வைத்துக்கொள்வார்கள்?

அப்படியானால் வேலையெல்லாம் எங்கே அடைத்துக்கொண்டு நிற்கிறது? என் கொம்பியூட்டரைத் திறந்தேன். கார்டுகள் வடிவமைத்து முடிந்து, வரிசையாக அங்கேதான் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றின் மாதிரியையும் வட்ஸ்அப்பில் குடும்பத்தாருக்கு அனுப்பியும் இருந்தேன். எல்லோரும் பதிலும் போட்டிருந்தார்கள். அவரவர் பேச்சில் ஒரே பதில். 'சரி.'

சரி என்று வந்த பிறகும் ஏன் அடிக்கவில்லை என்று கேட்பீர்கள். முன்பு ஒரு தடவை அடித்தோம். கட்டுக்கட்டாக அடித்து முடித்தபின் பெண்ணின் அம்மா வந்து, பெரியப்பா பெயர் விட்டுப்போய்விட்டது என்று தலையில் கைவைத்தார். 'சரின்னு போட்டீங்களே அம்மா' என்றதற்கு, 'சரின்னா பாத்தோம்னு அர்த்தம். அடிக்கச் சொன்னோமா?' என்றார். எல்லாவற்றையும் இலவசமாகத் திரும்ப அடித்தோம். அதிலிருந்து சரி என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கைகால் ஓடாது. இன்னும் ஏதோ ஒரு சொல் வரும் என்று காத்திருப்பேன். என்ன சொல் என்று யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

கலஹாவில் ஒரு மணப்பெண்ணின் அப்பாவுக்கு கோல் எடுத்தேன்.

"கார்டு ரெடிங்களா? வந்து எடுத்துக்கவா?" என்றார் சந்தோஷமாக.

"இன்னும் அடிக்கலைங்களே."

"என்னங்க இது! அன்னிக்கே சரின்னு போட்டேனே!"

"பாத்துட்டேன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"பாத்துட்டேன், சரியா இருக்கு, அடிங்கன்னு அர்த்தம்ங்க!"

அடுத்து கட்டுகஸ்தோட்டையில் குடியிருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு எடுத்தேன். அவர் சரி என்பதற்கு 'ஓம்' என்று போட்டிருந்தார்.

"ஐயா, ஓம்னு போட்டிருக்கீங்க. அப்போ அடிக்கலாந்தானே?"

"ஐயோ தம்பி, பொறுங்கோ! நீங்கள் அனுப்பினது கிடைச்சது எண்டெல்லோ ஓம் போட்டனான். மாப்பிள்ளை வீட்டுக்காரர் இன்னும் பாக்கேல்லை."

சிங்களக் குடும்பங்கள் தங்கள் மொழியில் சரி என்று போட்டிருந்த 'ஹரி'க்கும் இதே கதைதான். அடிக்கச் சொன்ன சரி, கிடைத்தது என்ற சரி, மாமாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்ற சரி, போனை வைக்கிறேன் என்ற சரி. ஊர் முழுக்க அவர்கள் நாங்கள் அடிப்பதாக நினைத்துக் காத்திருந்தார்கள். நாங்கள் அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தோம். இதற்குள் எப்பேர்ப்பட்ட மெஷினைக் கொண்டுவந்து வைத்து என்ன பயன்? பூனைக்குப் படுக்க இன்னும் கொஞ்சம் அகலமான இடம் கிடைத்திருக்கும்.

நானாவிடம் சொன்னபோது அவர் லேசில் மசியவில்லை. விற்கிறவர், குருநாகலில் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். உறுதி நானாவின் தோல்பைக்குள் வந்துவிட்டது. வரும் வாரம் வங்கிக்குப் போவதாக இருந்தது.

"மெஷின் போய்ட்டா என்ன செய்ற?"

"மெஷின் போனா இன்னொண்ணு வரும் நானா. அக்கா வீடு போனா?"

அவர் மை படிந்த விரல்களைத் துணியால் துடைத்தார். துடைத்த விரல்களையே திரும்பவும் துடைத்தார்.

"ஆவணிக் கல்யாணம் முடியிற வரைக்கும் பொறுங்க. அப்பவும் லேட்டாச்சுன்னா சுவத்த நானே இடிச்சுத் தர்றேன்."

"நீயா? ஒனக்கு ஆணி அடிக்கவே தெரியாதே" என்றார். ஆனால் வங்கிக்குப் போவதைத் தள்ளிவைத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரிக்கும் கீழே நான் இப்படி எழுதி அனுப்பினேன்: 'சரி, ஓம், ஹரி, பெருவிரல் படம் எதுவும் செல்லாது. வீட்டில் எல்லோரும் பார்த்த பிறகு "அடிங்க" என்று சொல்லுங்கள். அந்தச் சொல் வந்த நிமிடமே மெஷின் ஓடும். அதற்குப் பிறகு பெரியப்பா கோபித்தால் அவரைச் சமாதானப்படுத்துவது உங்கள் பொறுப்பு.'

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சரி என்று போட யாருக்கும் யோசனை தேவைப்படவில்லை. அடிங்க என்று போடத்தான் விரல் தயங்கியது. ஆகவே போடுவதற்குமுன் அவர்களே மாமா, சித்தப்பா, சம்பந்தி என்று எல்லோரையும் பிடித்து உட்காரவைத்துக் காட்டினார்கள். திருத்தமெல்லாம் ஒரே தடவையில் வந்தது. நானும் மாதிரியை அன்றன்றைக்கே அனுப்ப, ஒன்று முடிய இன்னொன்று என்று மெஷினுக்கு வேலை சீராக இறங்கியது. நானா மூச்சுமுட்டாமல் ஓட்டினார், பாட்டும் முணுமுணுத்தார். பாட்டு சகிக்கவில்லை. பூனைதான் பாவம், பக்கத்துப் புடவைக் கடைக்குக் குடிபெயர்ந்தது.

ஒருநாள் கலஹா அப்பா மூச்சிரைக்கக் கடைக்கு வந்தார்.

"ஒங்களால என் மானமே போச்சுங்க!"

"என்னாச்சு அண்ணே?"

புது விதிப்படி அவருக்கும் மாதிரியைத் திரும்ப அனுப்பியிருந்தேன். அவர் பேராதனைக்கு வரும் பஸ்ஸில் இருந்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் பார்த்தாயிற்று என்று மனைவி கோல் எடுத்துச் சொல்லியிருக்கிறார். எழுத நேரமில்லை என்று குரலைப் பதிந்து எனக்கு அனுப்பியிருக்கிறார். பஸ்ஸின் இரைச்சலில் கத்தித்தானே சொல்ல வேண்டும்? 'அடிங்க! இனி யோசிக்க வேணாம், அடிங்க! எங்க அண்ணனையும் சேத்து அடிங்க! மாப்பிள்ள வீட்டு ஆளுங்க ஒருத்தரையும் விட்டுறாதீங்க!'

"பக்கத்துல இருந்த அம்மா எழும்பிப் பின்னுக்குப் போயிருச்சு. கண்டக்டர் மிச்சக் காச என் கையில தராம சீட்டுல வச்சிட்டுப் போறான்யா!"

நானா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்தப் புது ஏற்பாட்டுக்குப் பிறகு பகல் நேரத்தில் மெஷின் நின்றது அந்த ஒரு தடவைதான். கலஹா அப்பாவும் கடைசியில் சிரித்துவிட்டார். கார்டுக் கட்டு அதற்குள் தயாராகி அவருக்காகக் காத்திருந்தது.

ஆவணி முடிந்தது. ஒரு கார்டுகூடப் பிந்தவில்லை. நம்பமுடியாமல் நான் அலுமாரிக்குப் பின்னாலும் தேடிப்பார்த்தேன். கொழும்பிலிருந்து விற்கிறவர் திரும்பவும் கோல் எடுத்தார். விலையைக் குறைத்துத் தருகிறாராம்.

"குருநாகல் ஆள் என்னாகினாரு?" என்று நானா கேட்டார். அந்தப் பக்கம் இருமல் கேட்டது. "வேணாங்க. எங்கட மெஷின் நல்லாத்தான் ஈக்குது."

அடுத்த விடுமுறை நாளில் நானும் மனைவியும் பிலிமத்தலாவைக்குச் சாப்பாட்டுக்குப் போனோம். அவர்களுடைய சொந்தக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நானா தோல்பையிலிருந்து உறுதியை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"உள்ளுக்கு வெச்சிப் பூட்டட்டா? இல்லாட்டி வேற ஏதும் மெஷின் பாத்து வெச்சீக்கா?" என்றார் அக்கா.

"பூட்டுங்க, பூட்டுங்க" என்று நானா அவசரமாகச் சொன்னார். அக்கா உள்ளே போய்ப் பூட்டினார். திரும்பி வந்தபோது முகம் பெருநாள் மாதிரி இருந்தது.

சாப்பிடும்போது நானா ஒரு மச்சானுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "தொழில்ல பெருசா ஒண்டு செய்யக்கு முந்தி, வேல எந்த எடத்துல அடைக்குதுண்டு பாக்கணும். நான் தம்பிக்கு அதத்தான் செல்லிக் குடுத்தன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மறுத்துப் பேசியிருப்பேன், ஆனால் வாய் நிறைய அக்கா செய்த வட்டிலப்ப இனிப்பு. அக்கா வந்து, நானாவின் தட்டைத் தாண்டி, மிச்சமிருந்த பெரிய துண்டை என் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.