கேப்டனின் நெஞ்சு முந்திக்கொண்டது

"கப்பலுக்கு எதுக்குடி பைலட்டு? அது எங்க பறக்குது?"

லிங்கி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்த அம்மாவின் கேள்வி இது. குடும்பத்தில் முதலில் படித்தவள் இல்லையா... பெருமையோடு விளக்கினேன். துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஏறி, அதைப் பத்திரமாகக் கரை சேர்ப்பவர்தான் கப்பல் பைலட். அவர் நெஞ்சில் துடிப்பை அளக்கும் பட்டை கட்டி, பதற்றம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது என் ஆராய்ச்சி.

போன வாரம் ஒரே கப்பலில் இரண்டு பேருக்குக் கட்டினேன். ஒருவர் கேப்டன் மணியம், பழம் தின்று கொட்டை போட்டவர். இன்னொருத்தி செனாவாங் ஊரிலிருந்து வந்த கவிதா, பயிற்சி பைலட்.

துறைமுகத்துக்குள் நுழையும் வளைவில் கப்பல் திரும்பும்போது காற்று பக்கவாட்டில் தள்ளியது. கவிதா பக்கத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மணியமோ கையில் பாலில்லாத தே ஓ கிளாஸுடன் கட்டளை கொடுத்தார்.

"என்னாமா, கப்பல் ஆடுதா, நீ ஆடுறியா?"

கரை இறங்கியதும் கவிதா உடைந்துவிட்டாள். "அக்கா, அவருக்கு நெஞ்சே இல்ல லா. எனக்கு நெஞ்சு மட்டும்தான் இருக்கு. நாளைக்கே வேலைய விட்டுடறேன்."

கம்ப்யூட்டரில் இருவரின் துடிப்பையும் திறந்தேன். தூக்கிவாரிப்போட்டது!

கவிதாவின் கோடு காற்று தள்ளிய பிறகு எகிறி, கரைக்கு வந்தும் இறங்கவில்லை. மணியத்தின் கோடு? அதுவும் ஏறக்குறைய அதே உயரம். ஆனால் வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே—அவர் சாவகாசமாகத் தே ஓ கலக்கிக்கொண்டிருந்தபோதே! காற்று தள்ளிய நேரத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது.

இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "மிஷின் ரோசாக் லா, கெட்டுப்போச்சு," என்று சிரித்தார் மணியம். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

மறுபடி போட்டுக் காட்டினேன். சிரிப்பு காணாமல் போனது. நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"அந்த வளைவுல ஒரு தடவ கப்பல் இடிக்கப் பாத்துச்சு... அதெல்லாம் மறந்துபோச்சுன்னு நெனச்சேன்."

கவிதா அவரையே வெறித்தாள். "கேப்டன், நீங்களும் பயப்படுவீங்களா?"

அனுபவம் பயத்தைத் துரத்திவிடும் என்றுதானே நானும் நம்பியிருந்தேன்? ஒரே ஒரு பயணத்தை வைத்து முடிவு சொல்ல முடியாதுதான். ஆனால் இந்த மனிதரிடம் அனுபவம் பயத்தை நேரத்தோடு எழுப்பி, வேலை வாங்கி, அனுப்பிவிட்டிருந்தது.

கவிதா ராஜினாமா செய்யவில்லை. நேற்று போன் செய்தாள்.

"அக்கா! இன்னிக்கு வளைவுக்கு முன்னாலேயே நெஞ்சு அடிச்சிச்சு லா!"

பயம் வந்ததற்கு இப்படிக் குதிக்கும் ஒருத்தியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?