இறங்காமல் நின்ற பக்கெட்

நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால், வெடிமருந்து நெடியில் மூளை கலங்கிவிட்டது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன் நான். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, நடந்தது நடந்ததுதான்.

பட்டாசு வேலையிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் வெளியே வர வேண்டும் என்று, விருதுநகரில் ஒரு காண்ட்ராக்டரிடம் பழைய பொக்லைன் வாங்கினோம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் மண் அள்ளும் பக்கெட்டை உயரத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். வருவதற்குள் பக்கெட் இறங்கியிருந்தால் ஹைட்ராலிக் சரியில்லை என்று அர்த்தம். இது இம்மியும் இறங்கவில்லை, வாங்கிவிட்டோம்.

கொஞ்ச நாளில் எம். புதுப்பட்டிப் பக்கம், ஒரு பட்டாசுக் கம்பெனியை ஒட்டிய நிலத்தில் சீமைக்கருவேலம் பிடுங்கும் வேலை கிடைத்தது. மத்தியானம் வண்டி ஓட்டும் இவருக்குச் சோறு கொண்டுபோனேன். மரத்தையெல்லாம் இவரே பிடுங்கிப் போட்டபிறகு நிழல் ஏது? பக்கெட்டைத் தூக்கி நிறுத்தி, அதன் அடியில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். யாருமே செய்யக் கூடாத காரியம்.

கிட்டப் போனால், பக்கெட்டைத் தாங்குகிற ஆயில் ஹோஸ் வெடித்துத் தொங்குகிறது. கொட்டிய ஆயில் மண்ணில் காய்ந்து, அதன்மேல் எறும்பு ஊர்கிறது. பக்கெட் மட்டும் அப்படியே நிற்கிறது. இவர் காலைப் பிடித்து இழுத்தேன்.

"ஏ புள்ள, மனுசனைக் கண்ணசர விட மாட்டியா? சோறு எங்கன ஓடியா போகுது?"

"பேசாம வெளிய வாங்க!"

அவர் தவழ்ந்து என் பக்கம் வந்ததுதான் தாமதம், பக்கெட் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் வெடிவிபத்து என்று நினைத்துப் பக்கத்துக் கம்பெனி ஆட்கள் "எந்த ரூமு? எந்த ரூமு?" என்று கத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள்.

மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். "ஹோஸ் எப்பவோ போயிருச்சு அண்ணாச்சி. ஹோஸ் போனாலும் பக்கெட்டைப் பிடிச்சு நிறுத்துற லாக் வால்வும் இந்த மாடல்ல கிடையாது. எது தாங்குச்சோ, அதுக்கு ஒரு சூடம் கொளுத்துங்க."

முன்பு அதை ஓட்டிய ஆபரேட்டரின் ஆவியாக இருக்குமோ என்று நாரணாபுரத்தில் அவர் வீட்டுக்கே போய் விசாரித்தோம். அவரே வந்து கதவைத் திறந்தார்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்கா சூடம் கொளுத்த வந்தீக?"

சிரித்துக்கொண்டே திரும்பினோம். ஒன்றை மட்டும் நான் இவரிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கெட் விழுந்ததும் இவருக்குத் தண்ணீர் எடுக்க கேபினில் ஏறினேன். உள்ளே அடுப்பு மாதிரிக் கொதித்தது. ஆனால் பக்கெட்டைத் தூக்கும் கைப்பிடி மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது. விரல் விரலாகத் தடம். அதன்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். என் கையில் பாதிகூட இல்லை, சின்னப் பிள்ளையின் கை.

என் தாலியைக் காப்பாற்றிய கை அது. தினமும் கும்பிடுகிறேன். அத்தனை கனத்தை அந்தச் சின்னக் கை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றதோ, எப்படி வலித்ததோ என்று நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.