ஒரு கைக்கு மட்டும் கிளவுஸ்

பழைய படத் தபாலட்டை சேர்க்கிறவனுக்கு முதலில் வேண்டியது கூர்மையான கண். அடுத்தது, வீட்டுப் பேச்சு ஏறாத காது. முத்திரை, நாணயம் என்று எதையாவது சேர்த்து ஏச்சு வாங்கும் அன்பர்களே, நானும் உங்களில் ஒருவன்தான். மெல்பேர்னின் வடகோடியான கிரெய்கிபர்னில் இருந்துகொண்டு, ஒரு காலத்தில் அந்நகரில் பேஸ்பால் ஆடிய குழு ஒன்றின் ஒன்பது பேரையும் தபாலட்டைகளில் தேடினேன். எட்டுப் பேர் கிடைத்தார்கள். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சர் மட்டும் பதினொரு வருடம் ஆட்டம் காட்டினார்.

ஆர் பக்கத்துச் சொந்தம்?

எட்டு அட்டைகளையும் சட்டம் போட்டு ஹோலில் மாட்டினேன். ஊரிலிருந்து வந்திருந்த மனைவியின் பெரியம்மா, மறுநாள் காலை எட்டுக் கண்ணாடியிலும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். பழைய படம், ஆகவே காலமானவர்கள். சுவரில் இருக்கிறார்கள், ஆகவே சொந்தக்காரர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. என் ஆட்களுக்கு இந்த வீட்டில் கிடைத்த முதல் மரியாதை அதுதான். பெரியம்மாவுக்கு ஒரேயொரு சந்தேகம்:

"எட்டுப் பேரும் நல்ல வெள்ளை. இவை ஆற்ற பக்கம் தம்பி, உங்கடயோ அவளின்ரயோ?"

தானம்

பழைய பொருள் சந்தையில் பெட்டியோடு வாங்கிய அட்டைகளில், காலில் காப்பும் நெஞ்சில் மெத்தையும் தடித்த கிளவுஸுமாக ஒருவர் குந்தியிருந்தார். நான் பள்ளிக்கூட அணிக்கு விக்கெட் கீப்பராக நின்றவன். "கீப்பர்" என்று ஒரே பார்வையில் தீர்ப்பளித்து, கிரிக்கெட் அட்டை சேர்க்கும், நகரின் மேற்குக் கோடி வெரிபீயில் இருக்கும் நண்பர், மதுரைக்காரர் செந்திலுக்குச் சும்மாவே கொடுத்தேன். நெஞ்சில் ஏன் மெத்தை என்று கேட்டார். அந்தக் காலத்துக் கீப்பர்கள் அப்படித்தான் என்று அடித்துவிட்டேன். செந்தில் நம்பினார்.

"உங்க கண்ணே கண்ணுண்ணே."

மனைவியின் கேள்வி

அந்த அட்டையை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். என் தாராள மனதைக் காட்ட மனைவியிடம் நீட்டினேன். அவள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கீப்பர் எண்டா ஏன் ஒரு கைக்கு மட்டும் கிளவுஸ்? மற்றதைக் குசினிக்குள்ள சட்டி இறக்க வச்சிட்டு வந்தவரோ?"

வெரிபீக்கு ஓட்டம்

கீப்பருக்கு இரண்டு கையிலும் கிளவுஸ்; ஒரு கைக்கு மட்டும் போடுகிறவர் பேஸ்பால் கேட்சர். சுவரைப் பார்த்தேன். எட்டுப் பேருக்கும் பின்னால் ஸ்டூடியோத் திரையில் வரைந்திருந்த அதே வேலி, அதே கொடி, போனிலும் இருந்தது. பதினொரு வருடம் தேடிய ஆளை என் கையாலேயே தானம் செய்திருக்கிறேன். மழையில் வெரிபீக்கு ஓடினேன். செந்தில் மறுத்தால் கேட்க எனக்கு வாயில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் வயிறு நோகச் சிரித்துவிட்டு அட்டையை எடுத்து வந்தார்.

"எடுத்துக்கோங்கண்ணே. ஆனா சேகரிப்பாளர் கூட்டத்துல இந்தக் கதைய நீங்களே சொல்லணும்."

ஒன்பது பேர்

சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஒன்பது அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்தேன், சிரிப்பு நின்றது. யாருடைய சேகரிப்பையும் பாராட்டாத தலைவர், மெல்பேர்னிலேயே பிறந்து வளர்ந்த முதியவர், குனிந்து நெடுநேரம் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, மறைப்பானேன்? அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள். இவர்களை ஒன்றுசேர்க்க நீ வரவேண்டியிருந்தது."

எட்டுப் பேரைப் பிடித்தது நான்தான் என்றாலும், பந்து பிடிக்கிறவரையே பிடித்தது யார் என்ற விபரம் எங்கள் வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் தேநீரோடு மனைவி கையால் பரிமாறப்படுகிறது.