ரீசெட் பட்டனும் என் வலது கையும்

1. குட் மார்னிங் டீச்சர்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் லைனில் பதினெட்டு வருடம் ஆப்பரேட்டராக இருந்தேன். மெஷின் நின்றால் சிவப்பு விளக்கு எரியும். ரீசெட் பட்டனை அமுக்குவேன், ஓடும். ஏன் நின்றது என்று நானும் கேட்டதில்லை, என்னையும் யாரும் கேட்டதில்லை.

பிறகு லைன் முழுவதும் ஆட்டோமேஷனுக்கு மாறப்போகிறது என்று மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். சான்றிதழ் வாங்கினால் டெக்னீஷியன் வேலை. இல்லையென்றால் எனக்கு அங்கே இடமில்லை. ஆக, நாற்பத்து மூன்று வயதில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தேன். காப்பாரில் இருக்கும் வீட்டிலிருந்து கிள்ளான் வரை மோட்டார் சைக்கிள், அங்கிருந்து கொமுட்டர் ரயில். முதல் நாள் நான் உள்ளே போனதும் வகுப்பே எழுந்து நின்று "குட் மார்னிங் டீச்சர்" என்றது. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் "சிட் டவுன்" என்றுவிட்டேன்.

காலையில் நெட்வொர்க்கிங், மதியம் பி.எல்.சி., அதாவது மெஷினுக்கு மூளையாக இருக்கும் பெட்டி. இரண்டும் எனக்குப் பிடித்துப்போயின.

2. முப்பது நிமிடம்

கடைசிச் செய்முறைத் தேர்வில் மேசைமேல் ஒரு சின்ன கன்வேயர், பெட்டிகளை நகர்த்தும் பெல்ட். அதில் ஒரு பழுதை ஒளித்து வைத்திருந்தார்கள். திரையில் வரும் எர்ரரைப் படித்து, காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்ய வேண்டும். நேரம் முப்பது நிமிடம்.

ஓட்டினேன். நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் யோசிப்பதற்குள் என் வலது கை போய் ரீசெட்டை அமுக்கிவிட்டது. எர்ரர் அழிந்து, கன்வேயர் சமர்த்தாக ஓடத் தொடங்கியது. ஓடுகிற மெஷினில் எந்தப் பழுதைத் தேடுவது?

தேர்வாளர் சுசீலா மேடம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் நின்றேன்.

"மேடம், எர்ரர படிக்காமலே ரீசெட் அமுக்கிட்டேன். பழைய பழக்கம். அது திரும்ப வர்ற வரைக்கும் ஓட்டிப் பாக்கலாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அமுக்கினீங்களா? நான் கவனிக்கவே இல்லையே."

அட கடவுளே, நானாகப் போய் மாட்டிக்கொண்டேனே என்று நொந்துபோனேன். நேரம் கூடுதலாகக் கிடைக்காது என்று சொல்லி, ஓட்ட விட்டார்.

பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினேன். பத்து போயின, ஒன்றும் ஆகவில்லை. கனமான பெட்டியைப் போட்டபோது மேசை அதிர்ந்து கன்வேயர் நின்றது. இந்த முறை இடது கையால் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையைப் படித்தேன். சென்சாரிலிருந்து பி.எல்.சி.க்குத் தகவல் வரவில்லை என்றது. நெட்வொர்க் கேபிளைத் தடவிப் பார்த்தேன். ஒரு முனையில் பிளக் சரியாகக் கிரிம்ப் ஆகாமல், வயரை இறுகப் பிடிக்காமல் ஆடியது. வெட்டி, எட்டு வயரையும் நிற வரிசைப்படி அடுக்கி, புது பிளக் போட்டேன். கனமான பெட்டி மூன்று முறை போனது. நிற்கவில்லை. இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

3. முடிவு

"நீங்க மறைச்சிருந்தா, ஓடுதேன்னு அப்படியே விட்டுட்டுப் போயிருப்பீங்க லா," என்றார் மேடம். தாளில் ஒரே ஒரு மலாய் வார்த்தையை எழுதினார்.

மெஷினுக்கு முன்னால் நிற்கப்போகும் தம்பி தங்கைகளே, கை எதையாவது செய்துவிட்டால் உடனே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பழுதைத் தேடும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டேஷனிலிருந்து கணவருக்கு போன் செய்தேன். லோரி ஓட்டுகிறவர், ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தார்.

"பாஸா ஃபெயிலா, அத மட்டும் சொல்லு."

"தெராம்பில்னு எழுதியிருக்காங்க."

"அப்படின்னா கைதேர்ந்தவள்னு அர்த்தம் தானே, அம்சா?" என்று கேட்கும்போதே அவர் குரல் உடைந்தது. ஆமாங்க, பாஸ் என்று சொல்லிவிட்டு, பிளாட்பாரத்தில் அத்தனை பேர் பார்க்க நான் சத்தமாகச் சிரித்தேன்.